அக்கா என்று கூப்பிட்டவளின் சம்பளம்

காலை நாலரைக்கு எழும்புகிறவளுக்கு நியாயம், அநியாயம் பற்றி உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். எழுதும்போதே தெரிகிறது, சாட்டுத்தான்.

நான் டுசல்டோர்ஃபில் ஒரு மருத்துவமனையில் சத்திரசிகிச்சைப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். என் கணவர் டிராம் ஓட்டுகிறார். இருவருக்கும் வேலைநேரம் வாரத்துக்கு வாரம் மாறும். அப்போது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. மகனின் பாலர் நிலையம் ஏழரைக்குத்தான் கதவு திறக்கும். எனக்கோ ஆறரைக்கெல்லாம் கையுறை மாட்டியிருக்கவேண்டும். அந்தக் காலைநேர ஓட்டையை அடைக்க நாங்கள் பிடிக்காத கால் இல்லை. கணவரின் தமக்கை, என் மச்சாள், கொஞ்சக் காலம் வந்து பார்த்தார். வந்த ஒவ்வொரு நாளையும் பிறகு எல்லோரிடமும் சொல்லிக் காட்டினார். கடைசியில் ஓபேர் ஒருத்தியை எடுப்பது என்று முடிவு செய்தோம்.

ஓபேர் என்றால் வேறு நாட்டிலிருந்து ஒரு வருடத்துக்கு வந்து, ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு ஜேர்மன் மொழி படிக்கிறவர். வேலைக்காரியும் இல்லை, விருந்தாளியும் இல்லை. சட்டப்படி மாதம் இருநூற்றெண்பது யூரோ கொடுக்கவேண்டும். அதைச் சம்பளம் என்று எழுதமாட்டார்கள், கைச்செலவுக் காசு என்றுதான் ஒப்பந்தத்தில் இருக்கும். தனி அறை, சாப்பாடு, காப்புறுதி, மொழி வகுப்புக்கு ஒரு பங்கு, இவையும் எங்கள் பொறுப்பு. வாரத்துக்கு முப்பது மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஒன்றரை நாள் விடுமுறை கொடுக்கவேண்டும்.

அந்த இருநூற்றெண்பதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு இதைப் பற்றிக் கதைத்தோம். மச்சாளும் இருந்தார். கேட்காமலே அபிப்பிராயம் சொன்னார்.

“சாப்பாடு, அறை, பஸ் டிக்கட் எல்லாம் உங்கட செலவு. பிறகு என்னத்துக்கு அள்ளிக் குடுக்கப் போறியள்?”

எனக்குக் கோபம் வந்தது. மச்சாள் மேல் வந்த கோபம் பாதிதான். மீதி பழைய கோபம். பதினேழு வயதில் நான் ஒரு உறவுக்காரரின் உணவகத்தில் இரண்டு வருடம் சனி, ஞாயிறு கோப்பை கழுவினேன். ஒரு சதம் தரவில்லை. “எங்கட பிள்ளைதானே” என்பார்கள். என் கலியாணத்தில் அவர்கள் ஒரு சங்கிலி போட்டு, அதை மைக்கில் அறிவித்தும் விட்டார்கள். அந்தச் சங்கிலியை நான் ஒரு நாளும் அணிந்ததில்லை. ஒருவரிடம் வேலை வாங்கினால் கையில் காசு கொடுக்கவேண்டும், இது என் கொள்கை என்று அன்றைக்கு மேசையில் தட்டிச் சொன்னேன். நானூறு கொடுப்பதென்று முடிவாயிற்று. ஒப்பந்தத்தில் உள்ளது வங்கிக்குப் போகும், மிச்சம் கையில். கணவர் கணக்குப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், ஆனால் மறுக்கவில்லை. ஊரில் இவ்வளவு நியாயமான வீடு வேறு இருக்காது என்று எனக்குள் ஒரு நினைப்பு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

ஓபேர் எடுக்க நிரப்பிக் கொடுத்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. வீட்டில் பேசும் மொழி ஜேர்மனா? ஆம் என்று போட்டோம். பெரிய பொய் என்று தோன்றவில்லை. நானும் கணவரும் பள்ளிக்கூட வயதில் இங்கே வந்தவர்கள். கனவில்கூட ஜேர்மனில் சண்டை பிடிப்போம். ஆனால் பிள்ளைகள் பிறந்தபிறகு வீட்டுக்குள் தமிழ்தான் என்று ஒரு சட்டம் போட்டிருந்தோம். சுற்றியுள்ள தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் தாய்தகப்பனுக்கு ஜேர்மனில் பதில் சொல்வதைக் கண்டு பயந்து போட்ட சட்டம் அது. குசினியில் ஒரு ஜாம் போத்தல் வைத்திருந்தோம். வீட்டுக்குள் யார் ஜேர்மன் பேசினாலும் அதில் இருபது சதம் போடவேண்டும். டொச் உண்டியல், அதாவது ஜேர்மன் உண்டியல், என்று பெயர். நானும் போடுவேன், கணவரும் போடுவார். விளையாட்டுத்தான். என்றாலும் அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அவள் ஜோர்ஜியாவிலிருந்து வந்தாள். கருங்கடலோரத்து ஜோர்ஜியா. வயது இருபத்தொன்று. தாய் ஒரு வெதுப்பகத்தில் வேலை. கொஞ்சம் ஜேர்மன் ஏற்கெனவே படித்திருந்தாள். வந்த அன்றே, சோற்றையும் பருப்பையும் கரண்டியால் மெதுவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, தான் ஏன் வந்தாள் என்பதைச் சொல்லிவிட்டாள். வயோதிபர் இல்லத்தில் உதவித்தாதியாகப் பயிற்சி எடுக்கவேண்டும். ஒரு இல்லம் அவளை எடுக்கத் தயார். ஆனால் பி1 என்கிற ஜேர்மன் தேர்வில் தேறிய சான்றிதழ் வேண்டும். விசா ஒரு வருடத்துக்குத்தான். அதற்குள் தேறினால் இங்கே இருக்கலாம், இல்லையென்றால் திரும்பி அந்த வெதுப்பகத்துக்கு. தட்டுத்தடுமாறி அவள் சொல்லி முடித்ததும் நாங்கள் எல்லோரும் பெரிதாகத் தலையாட்டினோம். தேறுவாய், தேறுவாய் என்றோம்.

நல்ல பிள்ளை. காலை ஐந்தேமுக்காலுக்கு நான் வெளிக்கிடும்போது அவள் குசினியில் நிற்பாள். மகளுக்குத் தலை பின்ன ஒரு கிழமையில் பழகிவிட்டாள். மகன் அவளை அக்கா என்றான். அவள் என்னை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டாள். பெயரைச் சொல்லலாம்தான், இங்கே அதுதான் வழக்கம். நான்தான் அக்கா என்று கூப்பிடு என்றேன். கணவர் அண்ணை ஆனார். எனக்கு அது பிடித்திருந்தது. கூலிக்கு வந்தவள் என்ற நினைப்பு இல்லாமல் போகுமே என்று சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் மாதமளவில் அவள் தமிழ் பேசத் தொடங்கினாள். முதலில் ஆம் என்பதற்கு “ஓம்.” பிறகு “வாறன்”, “போறன்”, “சாப்பிட்டாச்சோ?” முடியாது என்பதற்கு நாங்கள் சொல்லும் ஏலாது என்ற சொல்லை மகனிடம் பிடித்துக்கொண்டாள். இறுகிய போத்தல் மூடியைப் பார்த்தும், சிக்கெடுத்த தலைமுடியைப் பார்த்தும் “ஏலாது, ஏலாது” என்பாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். என்னைப் பார்த்து அந்தச் சொல்லை அவள் ஒரு தடவையும் சொன்னதில்லை. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இங்கே எங்கள் ஆட்களுக்கு வருடம் முழுக்க ஏதாவது மண்டபத்தில் ஏதாவது கொண்டாட்டம் இருக்கும். பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம். எல்லாம் சனிக்கிழமை. அவளுக்கு நான் சேலை கட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போவேன். வெள்ளைக்காரப் பிள்ளை சேலை உடுத்து யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறது என்று சனம் சுற்றிவரும். கைத்தொலைபேசியில் படம் எடுக்கும். நான் பக்கத்தில் நின்று ஏதோ நானே பெற்றெடுத்த மாதிரிப் பூரித்துப்போவேன். அந்த மண்டபத்தில் மகனைத் தூக்கிக்கொண்டு திரிந்ததும், குசினியில் நின்று வடை தட்டியதும், முடிந்தபிறகு மேசை துடைத்ததும் அவள்தான். கேவலார் என்கிற ஊரில் மாதா கோயில் திருநாளுக்குப் போன அன்று, அந்த வெயிலுக்குள் மகனின் தள்ளுவண்டியை ஊர்வலம் முழுக்கத் தள்ளியதும் அவள்தான். அந்த நாட்கள் எல்லாம் அவளுடைய விடுமுறை நாட்கள். எனக்கு அது வேலையாகவே தெரியவில்லை. வீட்டுப் பிள்ளை கொண்டாட்டத்துக்கு வருகிறது, அவ்வளவுதான்.

மொழி வகுப்பு கிழமையில் இரண்டு மாலை. எனக்குப் பின்னேர வேலை விழுந்து, கணவருக்கும் விழுந்தால், யார் பிள்ளைகளோடு இருப்பது? “இண்டைக்கு மட்டும் வகுப்பை விடலாமோ?” என்று கேட்பேன். “ஓம் அக்கா” என்பாள். கிழமைக்கொரு இன்றைக்கு வந்துகொண்டே இருந்தது. எனக்கு உறுத்தாமலும் இல்லை. அப்படியான மாதங்களில் கையில் கொடுக்கும் காசோடு இன்னும் ஐம்பது வைப்பேன். அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு சோடித் தங்கத் தோடு வாங்கிப் போட்டேன். எங்கள் ஆட்களுக்கு மனம் உறுத்தினால் தங்கம் வாங்குகிற பழக்கம் உண்டு. மச்சாள் அந்தத் தோட்டைப் பார்த்து மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அதனால் நான் இன்னும் நியாயக்காரி ஆகிவிட்டேன்.

பத்தாம் மாதம் அவள் தேர்வு எழுதினாள். வாசிப்பு, எழுத்து, கேட்டல் மூன்றிலும் தேறிவிட்டாள். பேச்சில் தவறிவிட்டாள்.

முடிவு வந்த அன்று நான் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தேன். கால் இரண்டும் விண்விண் என்று வலித்தது. அவள் வந்து எதிரே நின்று தமிழில்தான் சொன்னாள். எதிரே இருந்த பரீட்சகர் சாதாரணமான கேள்விதான் கேட்டாராம். விடுமுறைக்கு ஒரு பயணத்தை எப்படித் திட்டமிடுவாய் என்று. சொல் எல்லாம் தலைக்குள் இருந்ததாம். வாயைத் திறந்தால் ஓம், ஓம் என்றே வந்ததாம். பிறகு பயத்தில் ஒன்றுமே வரவில்லையாம். அழவில்லை. கைகளை மட்டும் பிசைந்துகொண்டு நின்றாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. வருடம் முழுக்க ஜேர்மனியில் இருந்து அவள் படித்துக்கொண்டது எங்கள் தமிழை.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது, அவள் மேலேயே. வகுப்புக்குப் போகாத நாளில் புத்தகத்தையாவது எடுத்துப் பார்த்திருக்கலாமே, வெளியே போய் நாலு சிநேகிதிகளைப் பிடித்திருக்கலாமே என்று. வாயில் வந்ததை நான் சொல்லுமுன் மகள் முந்திவிட்டாள். அவளுக்கு எல்லாம் நேர்ப்பேச்சு.

“அம்மா, அக்கா டொச் கதைக்க வெளிக்கிட்டால் காசு போடவேணும் எண்டு நீங்கதானே சொன்னனீங்கள். உண்டியல்ல அவதான் எல்லாரையும்விடக் கூடப் போட்டவ.”

அவளும் போடுகிறாள் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். கண்டிருக்கிறேன். தொடக்கத்தில், மகனோடு ஜேர்மனில் ஏதோ சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு சட்டைப்பையில் சில்லறை தேடியதைக் கண்டு சிரித்திருக்கிறேன். எவ்வளவு கெதியாக எங்கள் வீட்டுப் பழக்கத்துக்கு வந்துவிட்டாள் என்று மெச்சியிருக்கிறேன். கோடையில் அந்தப் போத்தல் நிரம்பியபோது எல்லோருமாகப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். எனக்கு மாம்பழமும் பிஸ்தாவும். ஜேர்மன் படிக்க வந்த ஒரு பெண்ணிடம், ஜேர்மன் பேசியதற்கு, நாங்கள் கொடுத்த கைச்செலவுக் காசிலிருந்தே தண்டம் வாங்கி நான் இரண்டு கரண்டி ஐஸ்கிரீம் தின்றிருக்கிறேன்.

அவமானம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்கு நன்றாகத் தெரிந்தது. நானூறா, ஐந்நூறா என்று நாங்கள் மேசையைச் சுற்றியிருந்து கணக்குப் போட்டோம். அவளுக்குக் கொடுக்கவேண்டிய உண்மையான சம்பளம் அந்தப் படிவத்தில், வீட்டில் ஜேர்மன் பேசுவோம் என்று, நாங்கள் ஆம் போட்ட ஒரு சின்னக் கட்டம். அதைத்தான் கொடுக்கவில்லை. உணவகத்துக்காரர்கள் எனக்குச் செய்ததை நான் இன்னும் நாசூக்காகச் செய்திருந்தேன். அவர்கள் பிறகு ஒரு சங்கிலி போட்டு மைக்கில் அறிவித்தார்கள். நான் தோடு வாங்கிக் கொடுத்து, அதைப் பற்றிப் பெருமையும் பட்டேன்.

பேச்சுத் தேர்வை மட்டும் திரும்ப எடுக்கலாம். ஆறு கிழமையில் அடுத்த தவணை. விசா முடிய அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் இருந்தது. நான் உடனே காசுப் பக்கம்தான் ஓடினேன். தேர்வுக் கட்டணம் நான் கட்டுகிறேன், தனியாக ஒரு ஆசிரியையை வைக்கிறேன், எவ்வளவு போனாலும் பரவாயில்லை என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“காசு வேண்டாம், அக்கா. என்னோட டொச் கதையுங்கோ.”

கேட்டது அவ்வளவுதான். எனக்கு அதைவிட அவள் ஆயிரம் யூரோ கேட்டிருக்கலாம் என்று இருந்தது. நாள் முழுக்க மருத்துவமனையில் ஜேர்மன் பேசிவிட்டு வருகிறவள் நான். வீட்டுக் கதவைப் பூட்டியதும் வாய் தமிழுக்குள் போய்ச் சாய்ந்துவிடும். எனக்கு அதுதான் ஓய்வு. கணவர், அப்படியானால் பிள்ளைகளின் தமிழ் என்னாவது என்றார். நியாயமான கேள்வி. ஜாம் போத்தலைக் கழுவி அலுமாரிக்குள் வைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் ஜேர்மன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கூண்டைத் திறந்துவிட்ட மாதிரி மகள் மூச்சுவிடாமல் கதைத்தாள். எனக்குத்தான் வீட்டுக்கு வந்தும் சீருடை கழற்றாத மாதிரி இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு இருந்து, அவளுடைய வாக்கியங்களைத் திருத்தி, விடுமுறைக்கு ஒரு பயணம் எப்படித் திட்டமிடுவது என்று தினமும் திட்டமிட்டோம். அந்த ஆறு கிழமையில் நாங்கள் பாரிசுக்கும் ரோமுக்கும் மேசையிலிருந்தே எத்தனை தடவை போனோமோ தெரியாது. சில நாள் நான் அவளுக்கு முன்னாலேயே தூங்கி விழுந்தேன். வகுப்பு மாலைகளில் கணவர் வேலை மாற்றிக்கொள்ளச் சக ஊழியர்களிடம் கெஞ்சினார். ஒரு தடவை மச்சாளிடமும் போய் நின்றோம். சொல்லிக் காட்டினார், கேட்டுக்கொண்டோம்.

இரண்டாம் கிழமையில் ஒரு கலியாணம் வந்தது. வழக்கம்போல அவளுக்கும் சேலை எடுத்து வைத்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் வெளிக்கிடவேண்டும் என்று ஜேர்மனில் சொன்னேன். அவள் ஜேர்மனில் பதில் சொன்னாள்.

“இல்லை. சனிக்கிழமை எனக்கு விடுமுறை. நான் படிக்கப் போகிறேன்.”

சொன்னபோது அக்கா என்று கூப்பிடவில்லை, என் பெயரைச் சொன்னாள். ஜேர்மனில் அப்படித்தான் கூப்பிட முடியும். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. குரல்கூட உயரவில்லை. ஆனால் எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கணவருக்கு இன்னும் மோசம். எங்கள் பிள்ளை மாதிரி வைத்திருந்தோமே, இப்படிச் சொல்லிவிட்டாளே என்று கலியாண வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டு கார் ஓட்டினார். மண்டபத்தில் நானே மகனுக்குப் பின்னால் ஓடினேன், நானே ஊட்டினேன், சேலையில் பாயாசம் கொட்டியது. மாலை ஆறு மணிக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, பத்து மாதமாக அவள் சனிக்கிழமைகளில் செய்தது என்னவென்று. தமிழில் அவளால் மறுத்திருக்க முடியாது. ஒருத்தியை அக்கா என்று கூப்பிட்டபிறகு எப்படி மறுப்பது? நானும் அந்த உணவகத்தில் மாமி, மாமி என்றுதானே இரண்டு வருடத்தை ஓட்டினேன்.

அவள் பேச்சிலும் தேறினாள். நல்ல புள்ளிகள். பிள்ளைகள் கேக் செய்தார்கள், நடுவில் வேகவில்லை, என்றாலும் சாப்பிட்டோம். வீட்டில் தமிழ் முன்போல் திரும்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மகன் இப்போது என் தமிழுக்கு ஜேர்மனில்தான் பதில் சொல்கிறான். அதட்டினால் இரண்டு சொல் தமிழ் வரும், பிறகு நின்றுவிடும். யாரில் குற்றம் சொல்வது என்று தேடிப் பார்த்துக் களைத்துவிட்டேன்.

போவதற்கு முதல் கிழமை, வயோதிபர் இல்லத்திலிருந்து வந்த பயிற்சி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நானும் தாதி, இந்தத் தொழில் தெரிந்தவள், வாசித்துப் பார்த்து இது நியாயமான சம்பளமா என்று சொல்லவேண்டும் என்றாள். என்னிடம்தான் கேட்டாள். அவளுடைய முகத்தில் குத்தல் ஒன்றும் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாக வாசித்தேன். முதல் வருடச் சம்பளமே நாங்கள் கொடுத்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வாடகை அவள் கட்டவேண்டும், அப்படிப் பார்த்தாலும் பிழையில்லை. விடுமுறை நாட்கள் சரியாக இருந்தன. வார இறுதியில் வேலை விழுந்தால் அதற்குப் பதில் எந்த நாள் விடுமுறை, வகுப்பு நேரத்தில் வேலைக்குக் கூப்பிடலாமா, இந்த இரண்டும் மட்டும் தெளிவாக இல்லை. இதை எழுத்தில் கேட்டு வாங்கு என்று விரலை வைத்துக் காட்டினேன்.

“கேட்டு வாங்கிவிட்டேன்” என்றாள், ஜேர்மனில். “உங்களிடம் கேட்காமல் விட்டது இந்த இரண்டும்தான். அதனால் அங்கே முதலில் அதைத்தான் கேட்டேன்.”

நான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். நியாயமான சம்பளம்தான், கையெழுத்துப் போடு என்று சொன்னேன்.